உடல் வராத ஊரில் ஒரு சிலுவை



வரலாற்றுத் துறையின் அறக்கட்டளைப் பொழிவு என்றால் ஒரு பேரரசையோ ஒரு புரட்சியையோ எடுத்துக்கொண்டு பேசுவது வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கல். இங்கிலாந்தின் கிராமங்களில், ஊர்த் தேவாலயத்தின் வாசலை ஒட்டியோ அதன் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரமாகவோ நிற்கும் போர் நினைவுச் சிலுவை. லண்டனை விட்டு எந்தத் திசையில் போனாலும் அரை மணி நேரத்துக்குள் ஒன்று கண்ணில் படும். இரண்டு மூன்று படிகள், ஒரு பீடம், அதன்மேல் நெடிய தண்டு, உச்சியில் சிலுவை. பீடத்தில் 1914 என்ற ஆண்டும் 1918 அல்லது 1919 என்ற ஆண்டும். அவற்றின் கீழே பெயர்கள். சின்ன ஊரானால் ஐந்தாறு, கொஞ்சம் பெரிய ஊரானால் முப்பது நாற்பது.

தேவாலயத்துக்குப் பக்கத்தில் சிலுவை நிற்பதில் வியப்பென்ன என்று கேட்கலாம். கல்லறைத் தோட்டத்தில் கல்லறைக் கல் போல நிற்கிறதே என்றும் தோன்றலாம். ஆனால் அந்தக் கல்லின் அடியில் யாரும் இல்லை. பெயர் பொறிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் கலிப்பொலியிலும் மெசபடோமியாவிலும் கிடக்கிறார்கள். பாதிப் பேரின் உடல் எங்கே என்றே தெரியாது. முதல் உலகப் போரில் இறந்த பிரிட்டிஷ் பேரரசுப் படையினராக இன்று பதிவில் இருப்பவர்கள் சுமார் 11 லட்சம் பேர். அவர்களில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அடையாளம் தெரிந்த கல்லறை கிடையாது. மீதிப் பேரில் பெரும்பாலோருக்குக் கல்லறை இருந்தும் அது ஊரில் இல்லை. ஊரில் இருக்கக் கூடாது என்று அரசு முடிவு செய்தது. இந்தச் சிலுவையைப் புரிந்துகொள்ள அந்த முடிவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1915 ஏப்ரலில் பிரான்சின் போர்முனையில் ஓர் இளம் லெப்டினன்ட் சுடப்பட்டு இறந்தார். பெயர் வில்லியம் கிளின் சார்லஸ் கிளாட்ஸ்டன். பழைய பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன், தாமும் நாடாளுமன்ற உறுப்பினர். குடும்பத்துக்குச் செல்வாக்கு இருந்தது, அரசரின் அனுமதியும் கிடைத்தது. உடல் கடல் கடந்து வேல்ஸ் எல்லையிலுள்ள ஹாவர்டனுக்கு வந்து சொந்த மண்ணில் அடக்கமானது. அதோடு ராணுவத் தலைமை விழித்துக்கொண்டது. இறந்தவர்களைத் தோண்டியெடுத்து ஊருக்குக் கொண்டுபோவதற்குத் தடை விதிக்கப்பட்டது. சுகாதாரம் ஒரு காரணம். இன்னொரு காரணம், பணம் படைத்தவர் வீட்டுப் பிள்ளை மட்டும் வீடு திரும்புவான், கூலிக்காரன் பிள்ளை வயலிலேயே கிடப்பான் என்ற நிலை வந்துவிடும் என்பது. இரண்டாவது காரணத்தில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்துக்காக லட்சக்கணக்கான தாய்மார் கொடுத்த விலையும் இருக்கிறது.

1917 மே மாதம் அரச சாசனத்தின் மூலம் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் அமைந்தது. அதன் உயிர்நாடி ஃபேபியன் வேர் என்ற மனிதர். பிரிட்டிஷ் மியூசியத்தின் இயக்குநர் ஃபிரடெரிக் கென்யன் 1918இல் அறிக்கை எழுதிக் கொடுத்தார். தளபதியானாலும் சிப்பாயானாலும் ஒரே அளவு, ஒரே வடிவத்தில் கல். குடும்பம் தன் செலவில் தனி நினைவுச்சின்னம் எழுப்பக் கூடாது என்பது அதன் சாரம். அந்தக் கல் சிலுவையாக இருக்கக் கூடாது, தட்டையான பலகைக் கல்லாகவே இருக்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. கிறித்தவர், யூதர், நம்பிக்கையற்றவர் எல்லோருக்கும் அது பொருந்தும். பெயர், படைப்பிரிவின் சின்னம், குடும்பம் சொல்ல விரும்பும் ஒரு வரி ஆகியவற்றுக்குப் போதிய இடமும் கிடைக்கும்.

இதற்கு எழுந்த எதிர்ப்பு சாதாரணமானதல்ல. எக்ஸிடர் பேராயரின் மனைவி லேடி புளோரன்ஸ் செசில் மூன்று மகன்களைப் போரில் இழந்தவர். கல்லறைகளில் பலகைக் கல்லுக்குப் பதிலாகச் சிலுவை வைக்கக் கோரி அவர் வேல்ஸ் இளவரசருக்கு அனுப்பிய மனுவில் 8,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டிருந்தார்கள். விவகாரம் 1920 மே 4 அன்று நாடாளுமன்றத்தின் கீழவையில் விவாதத்துக்கு வந்தது. ஆணையத்தின் பக்கம் நின்றவர்களில் ருட்யார்ட் கிப்ளிங்கும் ஒருவர். அவருடைய ஒரே மகன் 1915இல் லூஸ் போரில் காணாமல் போனவன். தந்தை சாகும்வரை உடல் கிடைக்கவில்லை. கல்லறை என்று ஒன்று இருப்பவர்கள் தங்கள் நற்பேற்றை உணரவில்லை என்ற பொருளில் அவர் எழுதிய கடிதம் அவையில் படிக்கப்பட்டது. ஆணையம் வென்றது.

வெளிநாட்டில் கிடக்கும் மகனுக்குத் தாய் கேட்ட சிலுவையை அரசு கொடுக்கவில்லை. ஆனால் ஊரில் சிலுவை வைக்க அரசின் அனுமதியைக் கேட்க வேண்டியதில்லை. 1919க்கும் 1925க்கும் இடையில் இங்கிலாந்தின் கிராமங்களில் இத்தனை சிலுவைகள் எழுந்ததற்கு வேறு காரணங்களும் உண்டென்றாலும், இந்தப் பின்னணியை விட்டுவிட்டுப் பேசுவது சரியாகாது என்பது என் கருத்து.

இன்னொரு விவரம். போர்முனையில் முதலில் நட்டவை மரச் சிலுவைகள். அவற்றை அகற்றிவிட்டு நிரந்தரக் கல் வைக்கும்போது, குடும்பம் விரும்பிச் செலவை ஏற்றுக்கொண்டால் அந்த மரச் சிலுவையைப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு இருந்தது. இன்றும் பல கிராமத் தேவாலயங்களின் உள்சுவரில் அவை மாட்டப்பட்டிருக்கின்றன. கறுத்த மரம், அதில் பெயரை அச்சடித்து ஆணியடித்த மெல்லிய அலுமினியத் தகடு. மண்ணுக்குள் இருந்த அடிப்பகுதி மட்டும் நிறம் மாறி அரித்துப்போயிருக்கும். ஊருக்கு வந்து சேர்ந்தது அந்த மரம் மட்டுமே.

தமிழ் படித்தவர்கள் இந்நேரம் நடுகல்லை நினைத்திருப்பீர்கள். புலிமான்கோம்பையிலும் செங்கத்திலும் கிடைத்த கற்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வேடு எழுதும் ஆசையும் வரும். வரட்டும். ஆனால் ஒன்றை மறந்துவிட வேண்டாம். நடுகல் தனி ஒருவனுக்கு. அவன் எந்த ஊர்ப் பூசலில், யார் ஆநிரையை மீட்க விழுந்தான் என்று அது சொல்லும். ஆங்கிலக் கிராமத்துச் சிலுவையில் எதிரியின் பெயர் இருக்காது, என்ன செய்து இறந்தான் என்ற செய்தியும் அனேகமாக இருக்காது. மகன் எப்படி இறந்தான் என்பது வீட்டாருக்கே சரியாகத் தெரியாத போர் அது.

சரி, யார் எழுப்பினார்கள்? அரசு ஒரு காசும் கொடுக்கவில்லை. லண்டனில் வைட்ஹாலில் நிற்கும் சினோடாஃப் என்ற போர் நினைவுச்சின்னம் அரசின் செலவு. கிராமத்துச் சிலுவை ஊர்ப் பணம். ஊர்க்கூட்டம் போட்டு, குழு அமைத்து, வீடு வீடாக வசூலித்துக் கட்டியது. நம் ஊர்க் கோயில் திருப்பணிக் குழுவில் ஒரு முறையாவது உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு அந்தக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் புதிதாக இருக்காது. நிலக்கிழார் அதிகம் கொடுப்பார், அதிகம் பேசுவார். குருவானவருக்கு ஒரு திட்டம், பள்ளித் தலைமையாசிரியருக்கு வேறொரு திட்டம். போரிலிருந்து திரும்பிவந்த இளைஞர்கள் பின்வரிசையில் கை கட்டி நிற்பார்கள். கேட்டால், செத்தவனுக்குக் கல் எதற்கு, எங்களுக்கு ஒரு மன்றம் கட்டிக்கொடுங்கள் என்பார்கள். இந்தத் தகராறு நாடு முழுவதும் நடந்தது. ஊர் மண்டபமா, விளையாட்டுத் திடலா, மருத்துவமனைக்கு ஒரு கட்டிலா, கல்லா? பயன்படும் பொருள் வேண்டும் என்ற கட்சி பல இடங்களில் வென்றது. அப்படிக் கட்டிய நினைவு மண்டபங்களில் இன்றும் பூப்பந்து ஆடுகிறார்கள். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் பெரும்பாலும் கல்லின் பக்கம் நின்றன. மண்டபம் எல்லோருக்கும் உரியது, கல் இறந்தவனுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம்.

அடுத்த தகராறு, எங்கே வைப்பது என்பது. தேவாலய வளாகம் இங்கிலாந்துத் திருச்சபையின் நிலம். ஊரில் மெதடிஸ்ட் குடும்பங்கள் இருக்கும், பாப்டிஸ்ட் குடும்பங்கள் இருக்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கத்தோலிக்கரும் இருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளும் இறந்திருந்தார்கள். வளாகத்துக்குள் எதை நட வேண்டுமானாலும் திருமண்டல நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். வாசகத்தையும் வடிவத்தையும் திருச்சபை பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். சிலுவைகள் பல, தேவாலயத்துக்குப் பக்கத்தில் நின்றாலும் சுவருக்கு வெளியே, வாசல் முகப்பில், தெரு முக்கில், புல்வெளி ஓரத்தில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த இரண்டடி, மூன்றடி இடைவெளியில் ஓர் ஊரின் மத சமரசம் முழுதும் அடங்கியிருக்கும். இத்தகைய கற்களைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் சுவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சிலுவை என்ற வடிவமே கூட இங்கிலாந்தில் சிக்கல் இல்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். இடைக்காலத்தில் ஏறக்குறைய எல்லாத் தேவாலய வளாகத்திலும் கல் சிலுவை நின்றது. சீர்திருத்த இயக்கத்தின்போதும் பிறகு பியூரிட்டன்கள் கை ஓங்கியபோதும் அவை உருவ வழிபாடு என்று உடைக்கப்பட்டன. லண்டனின் சீப்சைடு சிலுவையை 1643இல் நாடாளுமன்ற ஆணையின்படி இடித்துத் தள்ளினார்கள். அரசி எலியனோர் 1290இல் இறந்தபோது அவரது சவ ஊர்வலம் தங்கிய இடங்களில் மன்னர் முதலாம் எட்வர்ட் எழுப்பிய பன்னிரண்டு சிலுவைகளில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்று. பல ஊர்களில் தலை போன தண்டும் மொட்டைப் பீடமும்தான் எஞ்சின. பாடுபட்ட சுரூபத்தோடு கூடிய சிலுவை என்றால் புராட்டஸ்டண்ட் கிராமத்தான் 1914 வரை முகம் சுளிப்பான். போர் அதை மாற்றியது. பிரான்சின் சாலையோரங்களில் நின்ற சுரூபங்களைச் சிப்பாய்கள் நாள்தோறும் பார்த்தார்கள். லண்டனின் கிழக்குப் பகுதித் தெருக்களில் 1916இல் மக்களே சுவரில் சிறு மாடங்கள் அமைத்து, படைக்குப் போனவர்கள் பெயரை எழுதி, பூ வைத்தார்கள். அரசி மேரி நேரில் வந்து பார்த்தார். முந்நூறு ஆண்டு விலக்கி வைத்த வடிவம் சில ஆண்டுகளில் ஊருக்குள் திரும்பியது. எனினும் சுரூபம் இல்லாத வெறும் சிலுவையையே பெரும்பாலான ஊர்கள் தேர்ந்தெடுத்தன. பழக்கம் அவ்வளவு எளிதில் போகுமா?

ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். லண்டனுக்குத் தெற்கே சர்ரி மாவட்டத்தில் ஆபிங்கர் காமன். அங்கே செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தை ஒட்டி நிற்கும் சிலுவையை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். புது டெல்லியின் குடியரசுத் தலைவர் மாளிகையைக் கட்டிய அதே லட்யன்ஸ்தான். அந்த ஊரில் அவர் இளம் வயதிலேயே காடர்ட்ஸ் என்ற வீட்டைக் கட்டியிருந்தார், பழக்கம் அப்படி. வேடிக்கை என்னவென்றால், கல்லறை ஆணையத்தில் அவர் சிலுவை வேண்டாம் என்று வாதாடியவர். எல்லா மதத்தாருக்கும் பொதுவாக ஒரு நீண்ட நினைவுக்கல், பலிபீடம் போன்ற வடிவில், போதும் என்றார். திருச்சபையின் அழுத்தத்தால் கென்யன் இரண்டும் இருக்கட்டும் என்று தீர்த்தார். ரெஜினால்ட் புளூம்ஃபீல்ட் வெண்கல வாள் பதித்த சிலுவையை வரைந்தார். ஆனால் கிராமங்கள் வந்து கேட்டபோது லட்யன்ஸ் மறுக்கவில்லை. ஏறக்குறைய ஒரே அச்சில் பதினைந்து போர்ச் சிலுவைகளை வரைந்து கொடுத்தார்.

அந்த அச்சைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தண்டின் குறுக்குவெட்டு சாய்சதுரம். வட்டமோ சதுரமோ இல்லை. மேலே போகப் போக மெலியும். கைகள் மிகக் குட்டை, உச்சிக்கு மிக அருகில். தூரத்தில் இருந்து பார்த்தால் நிமிர்த்திய வாளா, சிலுவையா என்று ஒரு நொடி ஐயம் வரும். செதுக்கு வேலை கிடையாது, இலை கொடி கிடையாது, சுரூபம் கிடையாது. சிலுவை வேண்டாமென்ற மனிதர் சிலுவையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

எல்லா ஊருக்கும் லட்யன்ஸ் கிடைக்கவில்லை. பெரும்பாலான ஊர்கள் பக்கத்து நகரத்துக் கல்தச்சரிடம் போயின. கல்லறைக் கற்களுக்கு அவரிடம் மாதிரிப் புத்தகம் இருக்கும். அதில் ஒரு பக்கத்தைக் காட்டி இது போதும் என்றார்கள். கைகளைச் சுற்றி வளையம் கொண்ட கெல்ட்டிக் சிலுவை நாடெங்கும் பரவியது இப்படித்தான். கல்லின் தேர்வு கைப்பணத்தைப் பொறுத்தது. போர்ட்லண்ட் சுண்ணாம்புக் கல்லில் உளியால் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போன்ற பள்ளமாக எழுத்து வெட்டுவார்கள். வெட்டிய அன்று நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். நூறாண்டு மழையில் விளிம்பு கரைந்து, இன்று சாய்வெயில் அடிக்கும் மாலையில் மட்டும் படிக்க வரும். கருங்கல்லில் வேறு முறை. எழுத்தின் பள்ளத்தில் சிறு துளைகள் இட்டு, ஈயத்தை உள்ளே அடித்து இறுக்கி, மேற்பரப்போடு சமமாகத் தேய்த்துவிடுவார்கள். கல் அப்படியே இருக்கும், ஈயம் உதிரும். ஒருவன் பெயரில் ஓர் எழுத்து மட்டும் விழுந்து, துளைகள் தெரியும் கற்களை எத்தனையோ ஊர்களில் பார்க்கலாம்.

இனிப் பெயர்கள். சிலுவையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். எந்த வரிசையில் வெட்டுவது? ராணுவ வழக்கப்படி கேப்டன் முதலில், சிப்பாய் கடைசியில். பழைய போர்களின் நினைவுச்சின்னங்கள் பலவற்றில் அதிகாரி பெயர் மட்டும் இருக்கும், மற்றவர்கள் ஓர் எண்ணிக்கை. இந்த முறை ஏராளமான ஊர்கள் அகர வரிசையைத் தேர்ந்தெடுத்தன, பல ஊர்கள் பதவியையே விட்டுவிட்டன. பண்ணையார் மகனும் அவர் லாயத்தில் குதிரை தேய்த்தவன் மகனும் முதலெழுத்து எப்படி விழுகிறதோ அப்படி நின்றார்கள். ஊரில் உயிரோடு இருந்தபோது தேவாலயத்தில் ஒரே வரிசை இருக்கையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

அதற்காக வேறுபாடு மறைந்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். சாமர்செட்டில் மெல்ஸ் என்ற ஊர். நடுத்தெருவில் லட்யன்ஸ் அமைத்த நினைவுச்சின்னம். அது சிலுவை இல்லை, உச்சியில் புனித ஜார்ஜ் நிற்கும் தூண். 1921 ஜூனில் திறந்தார்கள். போர்க்காலப் பிரதமர் ஆஸ்க்வித்தின் மகன் ரேமண்ட், ஊர் மாளிகையின் வாரிசு எட்வர்ட் ஹார்னர் ஆகியோரின் பெயர்கள் ஊர்ப் பையன்களின் பெயர்களோடு ஒன்றாக இருக்கின்றன. அங்கிருந்து நடந்துபோய்த் தேவாலயத்துக்குள் நுழைந்தால், எட்வர்ட் ஹார்னர் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். ஆல்ஃபிரட் மன்னிங்ஸ் வார்த்த வெண்கலச் சிலை, லட்யன்ஸ் போட்ட பீடம், அந்தப் பீடத்திலேயே பொருத்திய அவருடைய பழைய மரச் சிலுவை. வெளியே சமத்துவம், உள்ளே வம்சம். ஒரே கட்டிடக் கலைஞர் இரண்டுக்கும் வேலை செய்திருக்கிறார்.

யார் நம் ஊர்க்காரன் என்ற கேள்வி இன்னும் கடினமானது. இங்கே பிறந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய் அந்நாட்டுப் படையில் சேர்ந்து இறந்தவன்? எங்கோ பிறந்து இங்கே பண்ணையில் ஓராண்டு வேலை செய்தவன்? தாய் மட்டும் இப்போது இங்கே குடியிருக்கிறாள் என்றால்? குழுக்கள் ஆளுக்கொரு முடிவு எடுத்தன. அதனால்தான் ஒருவன் பெயர் மூன்று ஊர்க் கல்லில் இருக்கிறது, இன்னொருவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. நச்சுவாயுவால் நுரையீரல் கெட்டு வீட்டுக்கு வந்து 1922இல் இறந்தவனைச் சேர்ப்பதா? ஆணையம் தன் கணக்குக்கு 1921 ஆகஸ்ட் 31 என்று நாள் குறித்தது. ஊர்க் குழுவுக்கு அந்த நாள் கட்டாயமில்லை. ஆனால் கல் வெட்டி முடிந்தபின் இருமிச் செத்தவனுக்குப் பீடத்தில் இடமும் இல்லை.

கென்ட் மாவட்டத்தின் ஷோரம் ஊரைச் சேர்ந்த தாமஸ் ஹைகேட் 1914 செப்டம்பர் 8 அன்று, படையை விட்டு ஓடியதற்காகத் தம் படையாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் போரில் இந்தக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்ற முதல் பிரிட்டிஷ் சிப்பாய் அவர். 2000ஆம் ஆண்டில் ஊர் நினைவுச்சின்னத்தில் அவர் பெயரைச் சேர்க்கலாமா என்ற கேள்வி வந்தபோது ஷோரம் ஊர் மன்றம் வேண்டாம் என்று வாக்களித்தது. இப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006இல் சட்டம் மன்னிப்பு வழங்கியது. லிங்கன்ஷயரில் ஃபுல்ஸ்டோ என்ற ஊரின் கதை நேர் எதிரானது. 1917இல் சுடப்பட்ட சார்லஸ் கர்மன் பெயரைச் சேர்க்க முடியாதென்றால் எங்கள் பிள்ளைகள் பெயரும் வேண்டாம் என்று ஊர்க்குடும்பங்கள் சொல்லிவிட்டதாக அங்கே சொல்கிறார்கள். 2005 வரை அந்த ஊரில் நினைவுச்சின்னமே இல்லை. பிறகு வந்தபோது கர்மனின் பெயரோடு வந்தது. சிலுவை இல்லாத ஊருக்கும் வரலாறு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எதுவுமே வெட்ட வேண்டியிராத ஊர்களும் இருந்தன. போனவர் அனைவரும் உயிரோடு திரும்பிய கிராமங்களுக்கு 1930களில் ஆர்தர் மீ என்ற எழுத்தாளர் நன்றியுள்ள கிராமங்கள் என்று பெயர் சூட்டினார். ஆயிரக்கணக்கான கிராமங்கள் உள்ள நாட்டில் ஆய்வாளர்கள் தேடிக் கண்டவை ஐம்பதுக்குச் சற்று மேல். அவ்வளவுதான்.

திறப்பு விழாக்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. யூனியன் ஜாக் கொடியை விலக்குவார்கள், எக்காளம் ஊதுவார்கள், குருவானவர் ஜெபிப்பார். தென்னாப்பிரிக்காவின் பெர்சி ஃபிட்ஸ்பாட்ரிக் சொன்ன யோசனைப்படி 1919 நவம்பர் 11 முதல் இரண்டு நிமிட மௌனம் நடைமுறைக்கு வந்தது. 1921 முதல் பாப்பி மலர். இவற்றையெல்லாம் படங்களில் பார்த்திருப்பீர்கள். படத்தில் வராத ஒன்று, விழா முடிந்து எல்லோரும் போனபின் தோட்டத்துப் பூவைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து படியில் வைக்கும் வழக்கம். வேலி போட வேண்டுமா என்று சில குழுக்கள் விவாதித்ததே அந்தப் பூக்களை ஆடு தின்றுவிடும் என்பதற்காகத்தான்.

1945க்குப் பிறகு பெரும்பாலான ஊர்கள் புதிய கல் வைக்கவில்லை. பழைய பீடத்தின் கீழ்ப்படியிலோ பக்கவாட்டிலோ இரண்டாவது பட்டியலைச் சேர்த்தார்கள். முதல் பட்டியல் நீளம், இரண்டாவது குறைவு. சில இடங்களில் இரண்டிலும் ஒரே குடும்பப் பெயர். ஆபிங்கர் காமனுக்கு நேர்ந்தது இன்னும் கொடிது. 1934இல் அந்தத் தேவாலயத்தைப் பராமரிக்க நிதி திரட்டுவதற்காக ஊரார் ஒரு நாடகக் காட்சி நடத்தினார்கள். எழுதியவர் அருகில் குடியிருந்த நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர், இசை வான் வில்லியம்ஸ். இந்தியாவைப் பற்றிய நாவலால் நம்மவர்க்குத் தெரிந்த அதே ஃபார்ஸ்டர். பத்தாண்டு கழித்து, 1944 ஆகஸ்டில், ஜெர்மனியின் பறக்கும் குண்டொன்று விழுந்து தேவாலயத்தைச் சிதைத்தது. முதல் போரில் இறந்தவர்களுக்கு வைத்த சிலுவையையும் இரண்டாம் போர் உடைத்துப்போட்டது. போர் முடிந்தபின் இரண்டையும் திரும்பக் கட்டினார்கள்.

இன்று இந்தக் கற்களுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் பல ஊர்களில் விடை கிடையாது. கட்டிய குழு கணக்கை முடித்துக் கலைந்துவிட்டது. உள்ளாட்சி மன்றங்கள் பராமரிப்புக்குச் செலவு செய்யலாம் என்று 1923இல் ஒரு சட்டம் வந்தது. செலவு செய்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. வெண்கலத் தகடுகளைப் பழைய உலோக விலைக்காகத் திருடியிருக்கிறார்கள். திருடனைவிட அதிகம் சேதம் செய்தவன் நல்லெண்ணத்தோடு அழுத்த நீர்க் குழாயைக் கொண்டுவந்து பாசியைப் பீய்ச்சிக் கழுவிய பக்தன். பாசியோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். 1997இல் தொடங்கிய போர் நினைவுச்சின்ன அறக்கட்டளை இத்தகைய கைங்கரியத்தைத் தடுப்பதில் பாதிக் காலத்தைச் செலவிடுகிறது என்றால் மிகையாகாது. பேரரசுப் போர் அருங்காட்சியகத்தின் பதிவேட்டில் இன்று பிரிட்டன் முழுதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நினைவுச்சின்னங்கள் இருக்கின்றன.

இவ்வளவு நேரம் பெயரைப் பற்றிப் பேசினேன். அதே போருக்கு நம் பக்கத்திலிருந்தும் போனார்கள். வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள ஆங்கிலக் கல்வெட்டு, வேலூரிலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது. இதே வாய்பாட்டில் ஊர்ப் பெயரையும் எண்ணையும் மட்டும் மாற்றி வெட்டிய கற்கள் பஞ்சாப் தொடங்கி இந்தியாவின் பல கிராமங்களில் உண்டு. ஷோரம் ஊர்க்காரர்கள் ஒரு பெயருக்காக எண்பத்தைந்து ஆண்டு கழித்தும் கூடி வாக்களிக்கிறார்கள். வேலூர்க் கல்லில் சேர்ப்பதா விலக்குவதா என்று சண்டை போட ஒரு பெயர்கூட இல்லை.

இதைப் பொதுவாக்கிப் பேசிவிடவும் முடியாது. பிரான்சில் நெவ் ஷாப்பெல் என்னுமிடத்தில் 1927இல் திறந்த நினைவகத்தில் உடல் கிடைக்காத இந்தியர் 4,700க்கும் மேற்பட்டோரின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். 1931இல் டெல்லியில் லட்யன்ஸ் முடித்த இந்தியா கேட்டிலும் பெயர்கள் உண்டு. ஆனால் மதராஸ் சேப்பர்கள் உட்பட இந்தியப் படையின் பெரும்பகுதி போரிட்ட மெசபடோமியாவுக்கான பாஸ்ரா நினைவகத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் வெட்டிவிட்டு, இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையில் அடக்கினார்கள். போர்க் கல்லறை ஆணையமே அமைத்த குழு 2021 ஏப்ரலில் இதையெல்லாம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை. பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள், இந்தியர்கள், எகிப்தியர்கள். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2025 ஜனவரியில் கேப் டவுனில் தொழிலாளர் படையினர் 1,700க்கும் மேற்பட்டோருக்கு ஆளுக்கொரு மரத்தூண் நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் பொறித்தார்கள்.

வேலூரின் அந்த 14 பேர் யார், எந்தத் தெருக்காரர்கள், எந்தப் படைப்பிரிவில் எங்கே இறந்தார்கள்? படைப்பிரிவுப் பதிவேடுகள், குடும்ப ஓய்வூதியக் கோப்புகள், பாஸ்ரா நினைவகப் பட்டியல்கள், ஊரில் இன்றும் பட்டாளத்தான் வீடு என்று அழைக்கப்படும் வீடுகள் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். இந்தத் துறையின் ஆய்வு மாணவர் ஒருவர் எடுத்துக்கொண்டால் இரண்டு ஆண்டு வேலை. வழிகாட்ட விரும்பும் பேராசிரியர் இந்த அவையில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் உள்ள குறிப்புகளை வாங்கிக்கொள்ளலாம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.